கட்டியவர் பெயர்

ஸ்டான்லி, ஃபாக்லாந்து தீவுகள்
14 மார்ச் 1999

அக்கா,

பதினைந்து மாதமாக ஒரு வரி எழுதாதவன் இப்போது மட்டும் எதற்கு எழுதுகிறான் என்று நீ கேட்பாய். காரியம் இருக்கிறது, அதனால்தான்.

உன் கார் கொட்டகையில் நான் விட்டுவந்த ஸ்போர்ட்ஸ் கார் பாகங்களின் பதினோரு பெட்டிகள், அந்த இரும்புச் சட்டகம், என்ஜினுக்காக வாங்கி மூலையில் நிறுத்திய பழைய கார்டினா கார், எல்லாவற்றையும் விற்றுவிட்டேன். வாங்குபவர் லீக் ஊர்க்காரர், பெயர் பாட். ஏப்ரல் பத்தாம் தேதி சனிக்கிழமை வேனோடு வருவார். நீ கதவைத் திறந்துவிட்டால் போதும். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

தேனிலவுக்கு அந்த வண்டியைக் கட்டி அதில் ஸ்காட்லாந்து போக நினைத்தவன் நான். மணப்பெண் பார்பராவே என்னை விட்டுப் போய்விட்டாள், வண்டி எதற்கு? இங்கே குளிர்காலம் நெருங்குகிறது. ஜீப்புகளின் அடியில் படுத்து நாள் ஓடுகிறது. டிசம்பரில் ஒப்பந்தம் முடியும்.

பெட்டி எதையும் நீ பிரித்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன்.

நெவில்

---

லாங்டன், ஸ்டாஃபர்ட்ஷயர்
11 ஏப்ரல் 1999

நெவில்,

பாட் நேற்று வந்தார். பாவம், வேனில் கயிறு, போர்வை எல்லாம் கொண்டுவந்திருந்தார்.

"பெட்டியெல்லாம் எங்கம்மா?" என்றார்.

"அட்டையெல்லாம் போன குளிர்காலமே அடுப்புக்குப் போயிருச்சு" என்றேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்த்து, கொட்டகைக் கதவைத் தூக்கினேன். உள்ளே முழு வண்டியாக நின்றது. மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டு முட்டி போட்டு அடியில் பார்த்தார். எழுந்து ஒரு சுற்று சுற்றினார்.

"யாரு கட்டினது?"

"நான்தான்."

"இல்ல கண்ணு, இதைக் கட்டினது யாருன்னு கேட்டேன்."

"அதுக்குத்தாங்க பதில் சொன்னேன்."

வேனை வெறுமனே ஓட்டிக்கொண்டு போனார். போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவருக்கு நீயே ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிவிடு.

நெவில், நீ போன அன்று இந்த வாசலில் நின்று சொன்னது உனக்கு மறந்திருக்கலாம். "பெட்டியத் தொட்டுடாத. ஸ்பேனருக்கும் ஸ்பூனுக்கும் வித்தியாசம் தெரியாத கை உன்னுது." எனக்கு மறக்கவில்லை. ஆனால் அந்தக் கோபத்தில் ஆரம்பித்தேன் என்று நினைக்காதே. போன வருடம் பிப்ரவரியில் கொட்டகைக்குள் எலி சத்தம் கேட்டது. உன் சாமான் பாழாகிவிடக் கூடாதே என்று முதல் பெட்டியைத் திறந்தேன். மேலேயே செய்முறைப் புத்தகம் இருந்தது. நின்றபடியே இருபது பக்கம் படித்தேன். அன்று இரவு உருளைக்கிழங்கு அடியோடு கருகியது.

அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. அவ்வளவுதான் காரணம்.

வண்டி இப்போது ஓடுகிறது, ஆனால் கொட்டகைக்குள் மட்டும். சாலையில் இறக்க வேண்டுமென்றால் அரசின் தகுதிப் பரிசோதனையில் தேற வேண்டும், பிறகு பதிவு செய்ய வேண்டும். அதற்கு உன்னிடமிருந்து இரண்டு காகிதம் தேவை. ஒன்று, அந்தக் கார்டினாவின் பதிவுப் புத்தகம். அது நீ கொண்டுபோன டிரங்குப் பெட்டியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இரண்டு, பெட்டிகளை எனக்குக் கொடுத்துவிட்டதாக உன் கையெழுத்து. ரசீதெல்லாம் உன் பெயரில் கிடக்கிறது.

விற்பனைக்கு இல்லை.

ஹேசல்

---

ஸ்டான்லி
28 ஏப்ரல் 1999

அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். என் சாமானை என்னைக் கேட்காமல் எடுத்துப் பொருத்தியிருக்கிறாய். பாட் எனக்கு எழுதியதை இங்கே எழுத முடியாது. அவர் திட்டியதுகூடப் பெரிதில்லை. கடைசியில் "வேலை சுத்தமாக இருக்கிறது" என்று ஒரு வரி போட்டிருக்கிறார்.

உண்மையைச் சொல். யார் செய்தது? உன் தோழி ஐவியின் புருஷன் லென்தானே? அவன் சுத்தியலைத் தவிர வேறெதையும் கையில் எடுத்தவனில்லை. அவன் கட்டிய வண்டியில் நீ ஏறி உட்கார நான் விடமாட்டேன்.

நீதான் கட்டினாய் என்றால் மூன்று கேள்விக்குப் பதில் எழுது. புத்தகத்தைப் பார்த்துக் காப்பியடித்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

ஒன்று: பிரேக் குழாயில் காற்றெடுக்கும்போது எந்தச் சக்கரத்தில் ஆரம்பித்தாய்?

இரண்டு: சக்கரத் தாங்கிகளின் ரப்பர் புஷ் போல்ட்டுகளை எப்போது இறுக்கினாய்?

மூன்று: என்ஜினை முதன்முதலாகக் கிளப்புவதற்கு முன் என்ன செய்தாய்?

பதினெட்டு வருடமாக மெக்கானிக் வேலை பார்க்கிறேன். இந்தக் கேள்விகளில் தடுமாறிய பையன்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

நெவில்

---

லாங்டன்
16 மே 1999

பரீட்சை அதிகாரி அவர்களுக்கு,

ஒன்று: இடது பின்சக்கரம். பிரேக் எண்ணெய்த் தொட்டி வலது முன்பக்கம் இருக்கிறது, அதிலிருந்து அதுதான் ரொம்ப தூரம். ஐவி உள்ளே உட்கார்ந்து மிதித்தாள், நான் கீழே கிடந்தேன். "அமுக்கு, பிடி, விடு" என்று நான் கத்தியதைக் கேட்டு அடுத்த வீட்டுக்காரி பிரசவம் என்று நினைத்து ஓடிவந்தாள். நாலாவது சக்கரம் முடிந்ததும் பிரேக் மிதி கல் மாதிரி நின்றது. நெவில், அந்தக் கணத்தில்தான் அது எனக்கு வண்டியானது. அதுவரை சாமான்தான்.

இரண்டு: இதில் நான் தோற்றேன். வண்டி முட்டுக்கட்டை மேல் நிற்கும்போதே எல்லாவற்றையும் இறுக்கிவிட்டேன். கீழே இறக்கினால் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, பத்து நாளில் இரண்டு ரப்பர் கிழிந்துவிட்டது. சக்கரம் தரையில் ஊன்றி, வண்டியின் பாரம் இறங்கிய பிறகுதான் இறுக்க வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. புது ரப்பர் வாங்கி, ஐவியையும் தொழிற்சாலைப் பெரிலையும் இரண்டு இருக்கையிலும் உட்காரவைத்துவிட்டு இறுக்கினேன். பெரில் கையில் பின்னல் வேலையோடு வந்திருந்தாள். எனக்கு அரைமணி ஆனது, அவளுக்கு ஒரு காலுறை முடிந்தது.

மூன்று: ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்த முள் எழும்வரை என்ஜினைச் சும்மா சுற்றவிட்டேன். பிறகு பிளக்கை மாட்டினேன். இரண்டாவது தடவையில் பிடித்துக்கொண்டது. சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது. நான் என்ன செய்தேன் என்று கேட்காதே.

லென் விஷயம்: என்ஜினைத் தூக்கும் கிரேனை வாடகைக்கு எடுத்துத் தந்தான். மூன்று மணிநேரம் நின்று, "அதை அப்படிப் பண்ணக் கூடாதே" என்று சொன்னான். அதற்கும் நன்றி சொல்லிவிட்டேன். உதவி அவ்வளவுதான்.

ஜூலை 13 பரிசோதனைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு காகிதமும் எங்கே?

தேறினேனா?

ஹேசல்

---

ஸ்டான்லி
5 ஜூன் 1999

அக்கா,

தேறிவிட்டாய். போதுமா?

இரண்டாவது கேள்வியில் தப்புச் செய்ததை மறைக்காமல் எழுதியிருந்தாயே, அதில்தான் நம்பினேன். காப்பியடிப்பவன் சரியான பதிலைத்தான் எழுதுவான்.

இப்போது நான் சொல்வதைக் கோபப்படாமல் கேள். இங்கே எங்கள் சாப்பாட்டுக் கூடத்தில் நாற்பது பேர். குளிர்காலத்தில் பேச்சைத் தவிர வேறு பொழுதுபோக்கு இல்லை. நான் வந்த புதிதில், ஊரில் என் கையால் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கட்டி வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. விளம்பரத் தாளிலிருந்து அதன் படத்தை வெட்டிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். டகல் என்று ஒருவன் இருக்கிறான், பெரிய வாய்க்காரன். டிசம்பரில் என்னோடு ஊருக்கு வருகிறான். வண்டியைப் பார்க்காமல் போகமாட்டேன் என்கிறான்.

அதனால் இப்படிச் செய்வோம். வண்டி உன்னுடையது. கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், பதிவுப் புத்தகமும் அனுப்புகிறேன். விண்ணப்பத்தில் "கட்டியவர்" என்று ஒரு இடம் இருக்கும், அதில் மட்டும் என் பெயரைப் போடு. மெக்கானிக் பெயர் இருந்தால் அதிகாரிகளும் சும்மா நோண்ட மாட்டார்கள். உனக்கும் நல்லதுதான். உரிமை உனக்கு, பெயர் எனக்கு.

கார்டினாவின் புத்தகம் இல்லாவிட்டால் உனக்குக் கிடைப்பது Q எழுத்து எண் பலகைதான், தெரியுமல்லவா? பிறப்பும் வயதும் தெரியாத வண்டி என்று ஊருக்கே சொல்லும் எழுத்து அது. யோசித்து எழுது.

நெவில்

---

லாங்டன்
24 ஜூன் 1999

நெவில்,

யோசிக்க ஒன்றுமில்லை.

இருபத்தொன்பது வருடமாகச் சூளையில் சுடாத பச்சைக் களிமண் கோப்பைகளின் விளிம்பைத் துடைத்து வழவழப்பாக்குகிறேன். ஒரு நாளைக்கு நானூறு கோப்பை. சூளைக்குப் போய்த் திரும்பும்போது அடியில் தொழிற்சாலைப் பெயர் இருக்கும், பூப்போட்டவள் பெயரின் முதலெழுத்து இருக்கும். துடைத்தவள் பெயர் இருக்காது. அதைப் பற்றி நான் ஒருநாளும் குறைப்பட்டதில்லை. அது வேலை, சம்பளம் வாங்குகிறேன்.

இது வேலையில்லை. இதில் என் பெயர் இருக்கும்.

அதோடு, அந்த இடத்துக்குக் கீழே "மேற்கண்டது உண்மை" என்று கையெழுத்துப் போட வேண்டும். பொய்யில் கையெழுத்துப் போட்டு அந்த வண்டியில் நான் எப்படி உட்காருவேன்?

புத்தகத்தை நீயே வைத்துக்கொள். Q பலகையே இருக்கட்டும். வண்டியின் வயது தெரியாவிட்டால் போகிறது, கட்டியது யாரென்று தெரிந்தால் எனக்குப் போதும்.

ஹேசல்

---

லாங்டன்
14 ஜூலை 1999

நெவில்,

உன்னிடமிருந்து பதில் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன். வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியாது.

நேற்று தேறவில்லை.

லென்னின் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போனோம். பரிசோதகர் நல்ல மனிதர், மெல்லிய மீசை, அதிகம் பேசாதவர். ஒரு கம்பி நுனியில் சிறு உருண்டை வைத்த கருவியால் வண்டியின் ஒவ்வொரு விளிம்பையும் தொட்டுப் பார்த்தார். ஆளைக் கிழிக்கிற மாதிரிக் கூர் எங்கேயும் இருக்கக் கூடாது என்பது விதி. அதில்தான் முக்கால்வாசிப் பேர் தோற்பார்களாம். விளக்குத் தாங்கி, கண்ணாடி ஓரம், இருக்கைக்கு அடியில், மீட்டர் பலகைக்குப் பின்னால், ஒன்றையும் விடவில்லை. நாற்பது நிமிடம். கடைசியில் கருவியைப் பையில் போட்டுவிட்டு வெறும் விரலால் ஒரு தடவை தடவினார்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"கோப்பை விளிம்பு துடைக்கிறேன், சார்."

"அதானே பாத்தேன்" என்றார். அவ்வளவுதான். பெருமையில் என் தலை கூரையில் இடித்தது.

பிறகு முற்றத்தில் மெதுவாக வட்டமடித்துக் காட்டச் சொன்னார். வளைத்துவிட்டு ஸ்டீயரிங்கை விட்டால் அது தானாக நேருக்குத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. வளைத்தது வளைத்தபடி நின்றது. மூன்று தடவை பார்த்தார். "மத்ததெல்லாம் சரிம்மா. இதை மட்டும் சரி பண்ணிட்டு வாங்க" என்று மெதுவாகத்தான் சொன்னார்.

வரும் வழியில் ஐவி சீஸ் வைத்த ஓட் ரொட்டி வாங்கித் தந்தாள். மடியிலேயே வைத்திருந்து வீடுவரை கொண்டுவந்தேன்.

டயர் காற்றைக் கூட்டிப் பார்த்தேன். கொஞ்சம் மாறுகிறது, போதவில்லை. செய்முறைப் புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மறு பரிசோதனை ஆகஸ்ட் 24. உன்னிடம் நான் பேரம் பேசவில்லை. பெயரைத் தரவும் மாட்டேன். தெரிந்தால் சொல், தெரியாவிட்டால் விடு.

ஹேசல்

---

ஸ்டான்லி
30 ஜூலை 1999

அக்கா,

உன் கடிதம் காலையில் வந்தது. பிற்பகல் விமானத்திலேயே இது போக வேண்டும், அதனால் முதலில் வேலை.

முன்சக்கரத்தின் மேல் தாங்கியை இரண்டு பக்கமும் கழற்று. போல்ட்டில் புஷ்ஷுக்கு முன்னும் பின்னும் வாஷர்கள் இருக்கும். பின்னால் இருப்பவற்றை எடுத்து முன்னால் போடு. மேல் மூட்டு கொஞ்சம் பின்னுக்குச் சாயும். சைக்கிளின் முன் கவை சாய்ந்திருப்பது போல. அந்தச் சாய்வுதான் சக்கரத்தை நேருக்கு இழுக்கும். இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை, மறந்துவிடாதே. பிறகு சக்கரங்களின் நேர்கோட்டை மறுபடி அளந்து சரிபார். போல்ட்டை எப்போது இறுக்க வேண்டும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது விஷயம். இதோடு இருப்பது கார்டினாவின் பதிவுப் புத்தகம். மூன்றாவது தாளை அதிகாரியிடம் கொடு. அதை எழுத மூன்று மணிநேரம் ஆனது. உனக்குத் தெரிய இங்கேயும் எழுதுகிறேன்:

"நெவில் டன்னிக்ளிஃப் ஆகிய நான், பதினெட்டு ஆண்டு அனுபவமுள்ள மெக்கானிக், உறுதியாகக் கூறுவது: 1997இல் என் பெயரில் வாங்கிய வாகனப் பாகங்களையும் பழைய கார்டினாவையும் என் அக்கா ஹேசல் டன்னிக்ளிஃப்புக்கு முழு உரிமையாகக் கொடுத்துவிட்டேன். இந்த வாகனத்தில் நான் ஒரு நட்டுகூடத் திருகவில்லை. முழுவதையும் கட்டியவர் அவரே."

இதற்குப் பதிலாக எனக்கு ஒன்றும் வேண்டாம். போன கடிதத்தில் நான் கேட்டதை நினைத்தால் காது சுடுகிறது. இருபத்தொன்பது வருடம் நீ துடைத்த கோப்பையில் தேநீர் குடித்தவன் நான். ஒருநாளும் உதட்டில் விளிம்பு கீறியதில்லை. அது ஏன் என்று இந்த ஜூலைவரை யோசித்ததும் இல்லை.

அந்தப் பெட்டிகளை நான்கு மாதம் வைத்திருந்தேன் அக்கா. பார்பரா போவதற்கு முன்பும் நான் ஒன்றையும் திறக்கவில்லை. பயமாக இருந்தது. ஊரார் வண்டியைச் சரிசெய்பவன் சொந்தமாக ஒன்று கட்டி அது ஓடாமல் போனால்? அதனால்தான் உன் கையைப் பற்றி அப்படிப் பேசினேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

24ஆம் தேதி நான் சாப்பிடமாட்டேன். முடிவைத் தந்தியடி.

நெவில்

---

தந்தி
24 ஆகஸ்ட் 1999

தானாகத் திரும்பியது. தேறினோம். சாப்பிடு. ஹேசல்

---

லாங்டன்
26 செப்டம்பர் 1999

அன்புள்ள நெவில்,

எல்லாம் முடிந்தது. வரிசையாகச் சொல்கிறேன், குறுக்கே பேசாதே.

பரிசோதகர் வட்டமடிக்கச் சொன்னார், நான் கையை விட்டேன், ஸ்டீயரிங் பட்டுப்போல நேருக்கு வந்து நின்றது. "எப்படிப் பண்ணினீங்க?" என்றார். "வாஷரை முன்னால மாத்தினேன். தம்பி சொன்னான், அவன் மெக்கானிக்" என்றேன். சான்றிதழில் முத்திரை குத்தினார். முத்திரை கொஞ்சம் கோணல். எனக்கு அதுவும் அழகாகத்தான் இருந்தது.

அதன் பிறகு பதிவு அலுவலகத்திலிருந்து ஒரு பெண்மணி வீட்டுக்கு வந்தார். சேஸிஸ் எண், என்ஜின் எண், கார்டினாவின் புத்தகம் எல்லாவற்றையும் ஒப்பிட்டார். ரசீதில் உன் பெயரைப் பார்த்ததும் பேனா நின்றது.

"யாருங்க இந்த நெவில்? இவர்தானே கட்டினது?"

உன் கடிதத்தைக் கொடுத்தேன். படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"நான் கட்டினேன், நான் கட்டினேன்னு சொல்றவங்களத்தான் தினமும் பாக்குறேன். நான் கட்டலன்னு ஒருத்தர் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதுவும் மெக்கானிக், இப்பத்தான் பாக்குறேன். இதை ஃபைல்ல வெச்சுக்கறேங்க."

எனக்கு வேண்டும், நகல் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். மூலம் என்னிடம்தான் இருக்கிறது.

Q இல்லை. பலகையின் கடைசியில் T. கார்டினா பிறந்த 1979க்கு உரிய எழுத்து. புதுப் பதிவுப் புத்தகம் வியாழக்கிழமை தபாலில் வந்தது. என் பெயரை இரண்டு f போட்டுச் சரியாக அடித்திருந்தார்கள். தேர்தல் பட்டியலில்கூட அது சரியாக வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை அதிலேயே வேலைக்குப் போனேன். கூரை கிடையாது. மூக்கு சிவந்து, தலைமுடி ஆந்தைக்கூடு. வாசலில் நிறுத்தியதும் துடைப்புப் பிரிவு முழுவதும் களிமண் ஏப்ரனோடு வெளியே வந்துவிட்டது. மேற்பார்வையாளர் மணியடித்துப் பார்த்தார், ஒருத்தியும் நகரவில்லை. கடைசியில் அவரும் வந்து நின்றார்.

யாரும் என்ஜினைக் கேட்கவில்லை, எவ்வளவு வேகம் போகும் என்று கேட்கவில்லை. எல்லோரும் விரலை நீட்டினார்கள். சக்கர மூடியின் ஓரம், கதவின் ஓரம், கண்ணாடிச் சட்டம். முப்பது பெண்கள், அறுபது கை. பெரிலை உனக்குத் தெரியும், நாற்பது வருடத்தில் யார் வேலையையும் புகழாதவள். கட்டைவிரலை வைத்து முன் விளக்கிலிருந்து ஆரம்பித்து, ஒரு இடம் விடாமல், வண்டியை முழுதாக ஒரு சுற்று வந்தாள். நான் அவள் பின்னாலேயே நடந்தேன்.

ஆரம்பித்த இடத்துக்கு வந்து, விரலைப் பார்த்தாள்.

"ம். இது சூளைக்குப் போகலாம்."

நெவில், நான் அழுதேன். எழுதிவிட்டேன், இனி நீ எதைச் சொல்லியும் என்னைக் கேலி செய்யலாம்.

படம் அனுப்பியிருக்கிறேன். எண் பலகை தெரிகிற மாதிரி எடுக்கச் சொன்னேன். உன் சுவரில் எது இருக்க வேண்டும் என்பது உன் இஷ்டம்.

அன்புடன்
ஹேசல்

---

ஸ்டான்லி
17 அக்டோபர் 1999

அன்புள்ள அக்கா,

படம் புதன்கிழமை வந்தது. இரண்டு நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டில், எல்லோரும் இருக்கும்போது, எழுந்து போய் விளம்பரப் படத்தைக் கிழித்துவிட்டு அந்த இடத்தில் இதை ஒட்டினேன்.

"யாருடா அந்தம்மா, உன் வண்டில உக்காந்திருக்கு?" என்று டகல் கத்தினான்.

"எங்க அக்கா. வண்டியும் அவங்களுது. கட்டினதும் அவங்கதான்."

"அப்ப நீ என்னதான் பண்ணின?"

"வாஷர எங்க போடணும்னு ஒரு கடுதாசி எழுதினேன்."

கூடமே சிரித்தது. கொஞ்ச நேரம் எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் டகல் சிரிக்கவில்லை. எழுந்து வந்து படத்துக்குப் பக்கத்தில் மூக்கை வைத்துப் பார்த்தான். பிறகு உன் மே மாதக் கடிதத்தைக் கேட்டு வாங்கினான், அந்த மூன்று பதில் இருக்கிறதே, அதை. அது மேசை மேசையாகப் போய், இரண்டு இடத்தில் குழம்பு பட்டுத் திரும்பி வந்திருக்கிறது. மன்னித்துவிடு. ரப்பர் புஷ் பகுதியைச் சமையல்காரர் சத்தமாகவே வாசித்தார்.

டிசம்பர் பத்தாம் தேதி வெள்ளிக்கிழமை பிரைஸ் நார்ட்டன் விமான தளத்தில் இறங்குகிறேன். நீ வந்தால் சந்தோஷம். நீயே ஓட்டு, நான் இடது பக்கம் உட்காருகிறேன். டகல் ரயிலில் வரட்டும், இடமில்லை.

அவன் விஷயமாகவே இன்னொன்று. அவனுடைய பழைய ஜீப்பில் கிளட்ச்சை மிதிக்கும்போது கிரீச்சென்று ஒரு சத்தம், காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. பேரிங் போய்விட்டது என்று பார்த்துச் சொல்லிவிட்டேன். இதுவரை நான் சொன்னால் மறுபேச்சுப் பேசாதவன், இப்போது, "எதுக்கும் உங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டு எழுதிடுப்பா" என்கிறான்.

பேரிங்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நீ என்ன சொல்கிறாய்?

நெவில்